தடியைப் பிள்ளையிடம் கொடும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒன்ராறியோவின் ரைஸ் ஏரிக்கு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன கதையை இதழில் எழுதியிருந்தீர். உயிர்காப்புச் சட்டை, தொப்பி, குடிதண்ணீர், விரலில் முள் ஏறினால் என்ன செய்வது என்பதெல்லாம் உமக்கும் தெரியும், இதை எழுதுகிறவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். கட்டுரையின் நடுவில் வருகிற ஒரு படமும் அதன் கீழே இருக்கிற ஒரு வரியும்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன். இரண்டு மணித்தியாலமாக ஒன்றும் அகப்படாமல் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அந்த நேரம் வள்ளத்தின் பின்பக்கத்தில் நீர் போட்டிருந்த தூண்டிலைப் பெரிய ஸ்மோல்மவுத் பாஸ் ஒன்று கவ்வுகிறது. வெட்டி இழுத்து முள்ளை ஏற்றிவிட்டு, தடியை அவன் கையில் கொடுக்கிறீர். அவன் ரீலைச் சுற்றுகிறான். மீன் மேலே வருகிறது, படம் எடுக்கப்படுகிறது. அவன் பிடித்த முதல் மீன் என்று கீழே எழுதியும் விட்டீர்.

அவன் அதைப் பிடிக்கவில்லை, தங்கச்சி. நீர் பிடித்தீர். அது அவனுக்கும் தெரியும்.

பிடிப்பது என்றால் இதுதான்: மிதவை ஒருமுறை நடுங்கும், நிற்கும், பிறகு சரிந்து தண்ணீருக்குள் போகும். இழுக்கிறதா, பொறுக்கிறதா என்று அந்தச் சின்னக் கைதான் முடிவெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் வெறுமையாக வரும். பிந்தினால் மீன் முள்ளை விழுங்கிவிடும். நாலைந்து தரம் தவறவிட்ட பிறகு ஒருதரம் சரியாக வாய்க்கும். அதற்குப் பிறகு ரீலைச் சுற்றுவது எந்தப் பெரியவரும் செய்து கொடுக்கக்கூடிய கூலி வேலை. வழிகாட்டிகளோ முடிவெடுக்கும் பங்கைத் தாங்கள் வைத்துக்கொண்டு கூலி வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். காசு கட்டிய தாய் தகப்பனுக்குப் படம் வேண்டுமென்பதால் வாடகை வள்ளங்களில் இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்த நீரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான் எரிச்சலாக இருக்கிறது.

அந்த இரண்டு மணித்தியாலம் ஏன் வீணாய்ப் போனது? விடியற்புறத்தில் வோலாய் தேடினீர்கள், வெயில் ஏறியதும் பாஸ் தேடினீர்கள். வோலாயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்புகிற படலம் ஒன்று இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் அது வேட்டையாடுவது அதனால்தான். அந்த மீனை நம்பிப் போனால் பிள்ளைகள் இருட்டோடு எழும்ப வேண்டும், பாதி நித்திரையில் வள்ளத்தில் குந்தியிருக்க வேண்டும். சன்ஃபிஷ்ஷுக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. பகலில் கண்ணால் பார்த்து இரை தின்கிற மீன் அது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆறுதலாகப் போனாலும் இறங்குதுறையின் நிழலில் நிற்கும். ரைஸ் ஏரி ஆழம் குறைந்தது, புல்லும் செடியும் நிறைந்தது. பம்ப்கின்சீட், புளூகில் என்ற சன்ஃபிஷ் வகைகளும் பேர்ச்சும் கரையோரத்திலேயே உண்டு. வாய் சின்னதாகையால் எட்டாம் அல்லது பத்தாம் இலக்க முள் போதும். புழுவை முழுதாகக் குத்தாமல் விரல் நகமளவு கிள்ளிக் குத்தினால், ஏழு வயதுப் பிள்ளைக்குக் காலை முழுக்கத் தக்கை ஆடிக்கொண்டே இருக்கும்.

உள்ளங்கையளவு மீன்தானே என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இனிப் படம். பாஸை வெளியே எடுத்து, பையனை நிற்கவைத்து, தொப்பியைக் கழற்றச் சொல்லி, இன்னொன்று எடுப்போம் என்று மறுபடியும் எடுத்ததாக நீரே எழுதியிருக்கிறீர். கிங்ஸ்டனில் உள்ள குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெர்குசனும் டஃப்ட்ஸும் 1992இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ரெயின்போ ட்ரவுட் மீன்களைக் களைக்கும்வரை துரத்தி, சிலவற்றை உடனே தண்ணீரில் விட்டார்கள். சிலவற்றை 30 விநாடியும் சிலவற்றை 60 விநாடியும் காற்றில் வைத்திருந்தார்கள். 12 மணித்தியாலத்துக்குப் பிறகு பார்த்தபோது, காற்றே படாதவற்றில் 88 வீதம் உயிரோடு இருந்தன. அரை நிமிடம் காற்றில் இருந்தவற்றில் 62 வீதம், ஒரு நிமிடம் இருந்தவற்றில் 28 வீதம். பாஸ் ட்ரவுட்டை விடத் தாங்கும் என்பது உண்மை. அதற்காக அதை வைத்துக்கொண்டு தொப்பி சரிபார்க்கலாமா? குறடால் முள்ளின் கொளுவியை நசுக்கிவிடும். கையை நனைத்துக்கொண்டு, மீன் தண்ணீரில் இருக்கும்போதே கழற்றப் பிள்ளைக்குப் பழக்கும். ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் நூலை வெட்டிவிடும். புளூகில்களை வைத்து 2009இல் வந்த ஆய்வும் அதைத்தான் சொல்கிறது.

திட்டு இதோடு போதும். உம்முடைய கட்டுரையில் ஒரு பந்தி இருக்கிறது. மீன்பிடியைப் பற்றிக் கனடாத் தமிழில் அதைப்போல் ஒரு பந்தி வாசித்த ஞாபகமே இல்லை. தூண்டிலைத் தொடமாட்டேன் என்று சொன்ன சின்னப் பெண், இறங்குதுறைப் பலகையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாக ஒரே ஒரு பம்ப்கின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலால் மணலை விசிறி வட்டக் குழி செய்து, அதற்குள் கிடக்கிற முட்டைகளுக்குக் காவல் நின்ற ஆண் மீன் அது. கிட்ட வந்த பேர்ச்சை அது துரத்தியதை அவள் உம்மிடம் சொல்ல ஓடிவந்தாள். நீர் அவளுக்குத் தடி கொடுக்கவில்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை, படமும் எடுக்கவில்லை. எவ்வளவு அழகான காரியம் செய்தீர் என்று உமக்கே தெரியவில்லைப் போலிருக்கிறது. ஆறு வரியில் முடித்துவிட்டு மறுபடி பாஸுக்குப் போய்விட்டீர்.

அடுத்த கோடையில் அவள் வந்தால் ஒபினிகன் ஏரியின் கதையைச் சொல்லும். அங்கேயுள்ள புளூகில்களை உயிரியலாளர் மார்ட் குரொஸ் ஆராய்ந்தார். குழி தோண்டிக் காவல் நிற்கும் ஆண்கள் அந்த நிலைக்கு வர ஏழு வயதளவு ஆகிவிடும். இன்னொரு வகை ஆண், இரண்டு வயதிலேயே முதிர்ந்து, குழி எதுவும் தோண்டாமல், அடுத்தவனின் குழிக்குள் மின்னல்போல் புகுந்து முட்டைகளைக் கருக்கட்டிவிட்டு வெளியேறும். கொஞ்சம் வளர்ந்ததும் பெண் மீனைப்போல் நடித்துக்கொண்டு உள்ளே போகும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை கிடைக்காது.

வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. இரணைமடுவில் கோடையில் தண்ணீர் வற்றி ஒதுங்கும்போது, கரைச்சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். மாடு மிதித்தது என்று ஒருவன் சொல்வான், மழைக்குழி என்று இன்னொருவன் சொல்வான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் ஆண் தோண்டிய குழிகள் அவை. பெண் அங்கே முட்டையிட்டு, முட்டைகளை வாய்க்குள் எடுத்து வைத்து அடைகாக்கும். பூவரசந்தடியும் தங்கூசியும், பழைய செருப்பில் வெட்டிய மிதவையுமாக அந்தக் குழிகளுக்கு மேலாகவே நடந்து திரிந்த கூட்டத்துக்கு, ஒன்ராறியோவுக்கு வந்து சன்ஃபிஷ்ஷைப் பார்த்த பிறகுதான் அது விளங்கியது. உம்மோடு வருகிற பிள்ளைகள் ஒன்பது வயதிலேயே இதை அறியலாம். முட்டை கிடக்கிற குழிக்கு நேராகத் தூண்டில் போடக்கூடாது என்பதையும் அவர்களே உமக்குச் சொல்லுவார்கள், ஏனென்றால் காவல் மீனைத் தூக்கிய உடனே சுற்றியுள்ள மீன்கள் முட்டைகளைத் தின்பதைப் பலகை இடுக்கு வழியாகவே பார்க்கலாம்.

முடிப்பதற்கு முன் புழு விஷயம். மிஞ்சிய புழுக்களைப் பிள்ளைகள் கரையோர மரங்களுக்குக் கீழே விடுதலை செய்தார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர். பனியுகத்தில் பனித்தகடு மூடிக் கிடந்த இந்த மண்ணில் பழைய மண்புழுக்கள் மிஞ்சவில்லை. டப்பாவில் விற்கிற பெரிய புழு ஐரோப்பியரோடு வந்து சேர்ந்த இனம். தென்மேற்கு ஒன்ராறியோவின் வயல்களில் இரவிரவாகக் குனிந்து அவற்றைக் கையால் பொறுக்குகிறவர்களில் எங்களைப்போல் வந்தேறியவர்கள் நிறையப் பேர். காட்டுக்குள் போனால் அந்தப் புழு உதிர்ந்த இலைப் படுக்கையைத் தின்று தீர்த்து, அதை நம்பி முளைக்கிற செடிகளை அழித்துவிடும். இரை டப்பாவில் உள்ளதைத் தண்ணீரிலோ தண்ணீரிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது மாகாணச் சட்டப்படி குற்றமும்கூட. மிஞ்சியதை மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போடும். அல்லது அடுத்த நாளும் போவதாக இருந்தால் குளிர்பெட்டியில் வையும், தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய தூண்டில்காரர்