நோகாத புண்



நீரிழிவினால் உணர்விழந்த பாதத்தில் புண் சீழ்பிடித்தாலும் பலருக்கு நோவதில்லை, காய்ச்சலும் வராதிருக்கலாம். தாமதித்தால் காலையே இழக்க நேரிடும். ஆகவே கட்டு மாற்றும்போதெல்லாம் நாங்கள் புண்ணை உற்றுப் பார்க்கிறோம். சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் இரண்டு தென்பட்டால் தொற்று என்று கொள்கிறோம். ஆறாத புண் எதிலும் கிருமிகள் உண்டு; அதனாலேயே ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை. ஆழமான புண்ணில் கிருமி நீக்கிய உலோகக் குச்சி எலும்பைத் தொட்டால், எலும்பிலும் தொற்று இருக்கலாமென்று எக்ஸ்ரே எடுக்கிறோம்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்துச் சமாரியன் அருகில் சென்ற பின்னரே காயங்களைக் கட்டினான். நோயாளியே உணராத புண்ணை அருகிலிருந்து பார்ப்பது எங்கள் ஊழியம்; அதற்கான பஞ்சும் கட்டுத்துணியும் உங்கள் காணிக்கை. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி உண்டா? இன்றிரவே அவர் பாதங்களைப் பாருங்கள்.