எத்தனை பேரிடம் பார்த்தார்கள்?

வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பி.சி.ஜி. ஊசி போட வேண்டும் என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுப் பெரியவர், "அதை நம்ம ஜில்லாவுலயே போட்டுப் பார்த்து, பலன் இல்லேன்னு சொல்லிட்டாங்களேம்மா!" என்கிறார். காஞ்சிபுரத்தில் இருக்கும் உங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்காதா?

பெரியவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி புரிய, ஒரு சின்னக் கணக்குப் பாடம்.

நூறு பேர் போதுமா?

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களில் எத்தனை பேருக்கு முதுகுவலி என்று பார்க்கிறோம் என வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் 100 பேரைக் கேட்கிறோம். 50 பேர் "ஆமாங்க, வலிக்குது" என்கிறார்கள். உடனே "சரிபாதி" என்று எழுதிவிடலாமா? கூடாது. வேறு 100 பேரைக் கேட்டிருந்தால் 45 வந்திருக்கலாம், 56-ம் வந்திருக்கலாம். எனவே ஆராய்ச்சியாளர்கள், "சுமார் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள்" என்று எல்லை கட்டிச் சொல்வார்கள். இப்படிக் கட்டும் எல்லை 100-க்கு 95 தடவை சரியாக இருக்கும்.

எல்லையைப் பாதியாகக் குறுக்க 200 பேர் போதும் என்று தோன்றும். போதாது! 400 பேர் வேண்டும். இன்னும் பாதியாக்க 1600 பேர். துல்லியம் இரண்டு மடங்கானால் ஆட்கள் நாலு மடங்கு. ஆகவே எவ்வளவு துல்லியம் தேவை என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் நழுவுவார் என்றால், 400 பதிலுக்கு 500 பேரை அழைக்க வேண்டும்.

லட்சம் பேர் எதற்கு?

1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், காசநோயாளிகளுக்கு வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்று பார்த்தார்கள். 193 பேர்தான். வீட்டில் 86 சதவீதமும், சானடோரியத்தில் 92 சதவீதமும் குணம் கண்டார்கள். எல்லோரும் நோயாளிகள் என்பதால், குறைந்த ஆட்களிலேயே விடை கிடைத்தது.

தடுப்பூசி விஷயம் வேறு. நோய் வராதவர்களுக்குப் போட்டுவிட்டு, யாருக்கு வருகிறது என்று காத்திருக்க வேண்டும். 1968-ல், காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. ஆராய்ச்சி தொடங்கியது. சுமார் 2.81 லட்சம் பேருக்குக் குலுக்கல் முறையில் பி.சி.ஜி.யோ, மருந்தில்லாத வெறும் ஊசியோ போட்டார்கள். அவர்களில் முன்பே கிருமி தொற்றாதவர்கள் சுமார் 1.1 லட்சம். அந்த 1.1 லட்சத்தில், 15 ஆண்டுகளில் காசநோய் கண்டவர்கள் 560 பேரே! எல்லையைக் குறுக்குவது இந்த 560-தான், லட்சங்கள் அல்ல.

முடிவு 1999-ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதம். ஆனால் எல்லை மைனஸ் 8-லிருந்து 50 வரை. அதாவது பாதி நோயைத் தடுத்திருக்கலாம், துளியும் தடுக்காமலும் இருந்திருக்கலாம். "பலன் இல்லை" என்பது வேறு, "எவ்வளவு என்று தெளிவாகவில்லை" என்பது வேறு. பெரியவர் தவறவிட்ட மீதிப் பாதி இதுதான்.

அப்படியானால் ஊசி?

தயங்காமல் போடுங்கள். அங்கே கணக்கெடுத்தது நுரையீரல் காசநோயை. கைக்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயை பி.சி.ஜி. நன்கு தடுப்பதாக வேறு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

இனி, "இந்த மருந்து 30 சதவீதம் பலன் தருது" என்று எங்காவது படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்:

* எத்தனை பேரிடம் பார்த்தார்கள்?
* அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது?
* அந்த 30, எதிலிருந்து எதுவரை?

மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.