டியூபைத் தேடும் முன் தோலைப் பாருங்கள்

செஞ்சி வட்டாரத்தில், தொண்டூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். தடுப்பூசி போடப் போனாலும் சரி, கர்ப்பிணிகளைப் பார்க்கப் போனாலும் சரி, கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒருவர் "நர்சம்மா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கையையோ காலையோ நீட்டுவார்.

நான் அதிகம் பார்த்தது படர்தாமரை. ஓரம் தடித்து, நடுவில் கொஞ்சம் தெளிந்து, வட்டமாகப் பரவும். காரணம் பூஞ்சை. வியர்வை காயாத மடிப்பு எங்கே கிடைத்தாலும் அது குடியேறிவிடும். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றைச் சுற்றித்தான் பல நேரம் ஆரம்பிக்கும். குளித்ததும் உடம்பைத் துவட்டுகிறார்கள், கயிற்றை யார் துவட்டுகிறார்கள்? ஈரம் ஊறிய அந்தக் கயிற்றின் தடத்திலேயே இடுப்பைச் சுற்றிப் படை வந்திருக்கும். "கழற்றக் கூடாதும்மா" என்பார்கள். "கழற்ற வேண்டாம் அண்ணே, பழசை அறுத்துவிட்டுப் புதுசு கட்டுங்கள், குளித்ததும் அதையும் துடையுங்கள்" என்றால் ஒத்துக்கொள்வார்கள். சாமி விஷயத்தில் சண்டை போட்டு வைத்தியம் பார்க்க முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை, சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் டியூப். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு, மூன்றும் ஒரே களிம்பில். ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும். 'கேட்டது' என்று நிறுத்துவார்கள். அடங்கியது அரிப்புதான், உள்ளே பூஞ்சை தாராளமாகப் பரவிக்கொண்டிருக்கும். அடுத்த முறை வட்டம் கலைந்து, பார்த்தால் என்னவென்றே தெரியாத படையாக வரும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து தொடையில் வரி விழும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தாலும் பழக்கம் போகவில்லை. வழக்கமான மாத்திரைக்கு அசையாத படர்தாமரை இன்று நாடெங்கும் தோல் டாக்டர்களுக்குத் தலைவலி.

வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று தோல் தடித்துக் கறுத்து அரிக்கும். கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார்கள். வரப்பில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட அந்தச் செடி இன்று இந்தியா முழுக்க இருக்கிறது. அதன் தூள் காற்றில் வந்து பட்டாலே சிலருக்கு ஒவ்வாமை கிளம்பும். பூ விடும் முன்பே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறிய திட்டு இருந்தால் 'வயிற்றில் பூச்சி' என்பார்கள். பெரும்பாலும் அது வறண்ட தோல்தான். தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் மெல்ல நிறம் திரும்பும். ராத்திரியில் விரல் இடுக்கு அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி தோலைக் குடைவதால் வருவது. அரிப்பு இல்லாதவர் உட்பட வீடு மொத்தமும் ஒரே இரவில் மருந்து பூசாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

அரிப்பைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். எனக்குக் கவலை, அரிக்காத திட்டு. வெளிறியோ சிவந்தோ இருந்து, அந்த இடத்தில் வியர்க்காமல், முடி உதிர்ந்து இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் மெல்லத் தொடுவேன். பட்ட இடத்தை அவரால் காட்ட முடியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். தோலோடு நரம்பையும் பாதிக்கும் கிருமியால் வருவது அது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை விடாமல் சாப்பிட்டால் குணமாகும், சீக்கிரம் ஆரம்பித்தால் கை கால் ஊனமும் வராது. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றாது. பாயும் தட்டும் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை. உணர்ச்சியில்லாத திட்டு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம்.