ஊர்க் கண்மாய்க்கு ஒரு முகவரி: பழைய வரைபடங்களை இடம் வைத்துத் தேடுவோம்

‘பெரிய கண்மாய் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் எந்தக் கண்மாயைக் காட்டுவது? சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு பெரிய கண்மாய் உண்டு. வடக்கே போனால் அதுவே பெரிய ஏரி. திருநெல்வேலிப் பக்கம் பெரியகுளம். ஊர்க்காரருக்கு இதில் குழப்பமே கிடையாது. அவருக்குப் பெரிய கண்மாய் என்றால் ஒன்றுதான். குழப்பம் தொடங்குவது ஆவண அறையில். நூறு ஆண்டுக்கு முன் ஒரு பொறியாளர் அந்தக் கண்மாயை அளந்து, கரையின் நீளத்தையும் மதகின் மட்டத்தையும் எழுதிவைத்திருப்பார். அந்தத் தாள் இன்றும் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். ஆனால் அதை எந்தப் பெயரில் தேடுவது?

சமூக அறிவியல், கணக்கு, கணினி ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே செயல்பாட்டில் இணைக்க வழி தேடும் ஆசிரியர்களுக்கு இந்தக் கேள்வி நல்ல தொடக்கம். நடுநிலைப் பள்ளியில் தாளும் அளவுகோலும் போதும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்.

முதலில் அந்தப் பதிவுகள் எவை என்று பார்ப்போம். 1883இல் சென்னை மாகாணத்தில் ஏரிகள் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் ஒவ்வோர் ஏரியையும் அளந்து தனித்தனிக் குறிப்பேடு எழுதினார்கள். ஆயக்கட்டுப் பரப்பு, கரையின் நீளம், கொள்ளளவு, முழு நீர் மட்டம், மதகுகளின் அடிமட்டம், கலிங்கின் நீளம், நீர்பிடிப்புப் பரப்பு, மேலே எந்த ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது, கீழே எந்த ஏரிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. என்னைக் கேட்டால், கடைசியில் சொன்ன இரண்டும்தான் அந்தக் குறிப்பேட்டின் உயிர். நம் கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்தது நிரம்பும் சங்கிலிகள். சங்கிலியில் ஒரு கண்ணி எங்கே அறுந்தது என்பதைப் பழைய பதிவு இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம்.

இவற்றோடு கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவை வருவாய்த் துறையில் இருக்கின்றன. இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. ஆக, ஒரே சங்கிலியில் உள்ள இரண்டு கண்மாய்களின் தாள்கள் இரண்டு அலுவலகங்களில் கிடக்கலாம். இன்னும் பழையவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம்.

இனி தேடுவதில் உள்ள சிக்கல். சிவகங்கை அருகே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 1910 வரை அது மதுரை மாவட்டம். அந்த ஆண்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைத்தார்கள். அப்போது ஊர் அங்கே போனது. 1985இல் மறுபடி பிரித்தார்கள். ஊர் நகரவே இல்லை, ஆனால் மூன்று மாவட்டங்களின் கட்டுகளில் அதன் தாள்கள் சிதறியிருக்கும். போதாக்குறைக்கு எழுத்து வேறு. ஆங்கிலேயர் ராம்நாட், டின்னவெல்லி, ட்ரிச்சினாப்பொலி என்று எழுதிய ஊர்களை இன்றைய பெயரைக் கொண்டு தேடினால் எதுவும் கிடைக்காது. புல எண்ணை வைத்துத் தேடலாமே என்றால், மறு அளவை நடந்த ஊர்களில் அந்த எண்ணும் மாறியிருக்கலாம். சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற ஜமீன் பகுதிகளுக்கு இன்னொரு சங்கடம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அந்தக் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. அதனால்தான் பழைய கோப்புகளில் ‘முன்னாள் ஜமீன் கண்மாய்’ என்று ஒரு தனி வகையே உண்டு.

பெயர் மாறும், மாவட்டம் மாறும், எண் மாறும். கரை இருக்கும் இடம் மாறாது. எனவே ஒவ்வொரு தாளுக்கும் அது எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறதோ அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிவிட்டால், பெயர் தெரியாதவர்கூட அதை எடுத்துவிடலாம். ஆறாம் வகுப்பிலேயே நாம் கற்பிக்கும் கோடுகள்தாம் இவை. தேர்வுத்தாளில் இடம் குறிப்பதோடு நின்றுவிடுகின்றன, அவ்வளவே.

தொடக்க வகுப்புகளில் கணினி வேண்டாம். ஊர் வரைபடத்தின் நகலை ஒரு சார்ட்டில் பெரிதாக வரைந்து, கட்டம் போடுங்கள். மேலே அ, ஆ, இ என்றும், பக்கவாட்டில் 1, 2, 3 என்றும் பெயரிடுங்கள். பிறகு ஓர் அட்டைப் பெட்டியில் துண்டுச் சீட்டுகள். ‘கீழ மதகு, இ-4’, ‘பள்ளிக்கூடம், ஆ-2’, ‘ஆலமரத்துக் கிணறு, இ-4’ என்று ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி. சீட்டுகளைக் கட்டவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். ‘இ-4இல் என்னவெல்லாம் இருக்கிறது?’ என்று கேட்டால் நான்காம் வகுப்புக் குழந்தை சீட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடிவரும். பெரிய நூலகங்கள் கணினியில் செய்வதும் சாரத்தில் இதுவே.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு காத்திருக்கிறது. பழைய கிராம வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. ஒரு மைலுக்கு 80 சங்கிலி. எனவே ஓர் அங்குலத்துக்கு 5 சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, ஆகவே ஓர் அங்குலம் 330 அடி. அடியை அங்குலமாக்கினால் விகிதம் 1 : 3960. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 39.6 மீட்டர். ஒரு சங்கிலியில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எனவே ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். வீட்டில் ‘எத்தனை சென்ட்’ என்று அன்றாடம் பேசும் பிள்ளைகளுக்கு அந்தச் சென்ட் எங்கிருந்து வந்தது என்பது இப்படித்தான் புரிகிறது. கொள்ளளவையும் விட்டுவிடாதீர்கள். பத்து லட்சம் கன அடி என்றால் சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். ஒரு தண்ணீர் லாரி எவ்வளவு கொள்ளும் என்று கேட்டு வகுக்கச் சொன்னால் வகுப்பே சுறுசுறுப்பாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. நகல் எடுக்கும்போது படம் சிறுத்தோ பெருத்தோ போகும். பழைய தாளே ஈரத்தில் ஊறி, காய்ந்து, சுருங்கியிருக்கும். எனவே எழுதியிருக்கும் விகிதத்தை நம்பாமல், படத்தின் அடியில் வரைந்துள்ள அளவுக்கோட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள். தாளோடு அதுவும் சேர்ந்தே சுருங்கியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடத்திய பிறகு பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தலாம். கியூஜிஐஎஸ் என்ற கட்டணமில்லா மென்பொருளில் இதற்கான வசதி உண்டு. வேலை எளிது, கவனம்தான் அதிகம் வேண்டும். பழைய படத்திலும் இருக்க வேண்டும், இன்றும் தரையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட புள்ளிகளைப் பிடிக்க வேண்டும். கோயில், மதகு, கலிங்கு, மூன்று ஊர் எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட கல் ஆகியவை நல்லவை. மரம், ஓடைக்கரை, மண்பாதை வேண்டாம். மாணவர்கள் அந்த இடத்துக்கே போய் அலைபேசியில் அட்ச, தீர்க்க அளவைக் குறித்து வரட்டும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம். ஐந்து இலக்கம் என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். திறந்த வெளியில் சாதாரண அலைபேசி சில மீட்டர் வரை பிசகும் என்பதால் ஐந்தாம் இலக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை.

மூன்று புள்ளிகள் கொடுத்தாலே மென்பொருள் படத்தைப் பொருத்திவிடும், பிழை சுழியம் என்றும் காட்டும். இதைப் பார்த்து மாணவர்கள் துள்ளுவார்கள். மூன்றே புள்ளிகள் இருந்தால் பிழை எப்போதும் சுழியம்தான். மூன்றும் தவறாக இருந்தாலும் சுழியம்தான்! நான்காவது, ஐந்தாவது புள்ளியைச் சேர்த்தால்தான் உண்மை வெளிவரும். எங்கள் வகுப்பில் நான்காவது புள்ளியாகக் கோயிலைக் கொடுத்தபோது அது தெப்பத்துக்குள் போய் நின்றது. எந்தப் புள்ளியில் தவறு என்று தேடிப்பிடிக்க ஒரு பாடவேளை முழுதும் போனது. அந்தப் பாடவேளையில் அவர்கள் கற்றதை நான் விளக்கிக் கற்பித்திருக்க முடியாது.

பழைய நிலவியல் தாள்களில் அச்சிட்டுள்ள கோடுகளை அப்படியே இன்றைய அளவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1802இல் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழிவந்தவை அவை. அப்போது பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட கணக்கு வேறு. இன்று அலைபேசி எடுத்துக்கொள்வது வேறு. இதனால் மட்டும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் இடம் விலகும். 19ஆம் நூற்றாண்டுத் தாள்களில் விலகல் இன்னும் பெரிது. சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு கணக்கிட்டார்கள். அந்த மதிப்பிலேயே சுமார் இரண்டரை நிமிடப் பிசகு இருந்தது பின்னர் தெரியவந்தது. தரையில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல். கோட்டை நம்பாமல் கோயிலையும் மதகையும் பிடிக்கச் சொல்வது இதனால்தான். மட்டங்களிலும் இதே கவனம் வேண்டும். ‘கலிங்கு மட்டம் 100 அடி’ என்று இருந்தால் அது கடல் மட்டத்திலிருந்து என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளூர்க் கல் ஒன்றை 100 என வைத்துக் கணக்கிட்டிருக்கலாம்.

படம் பொருந்திய பிறகு பட்டியல். ஒரு விரிதாளில் ஒரு வரிக்கு ஓர் ஆவணம். கண்மாயின் இன்றைய பெயர், ஆவணத்தில் உள்ள பெயர் (அதே எழுத்தில்), அக்கால வட்டமும் மாவட்டமும், பழைய, புதிய புல எண்கள், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆண்டு, என்ன சொல்கிறது, தாள் எங்கே இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த அலுவலகத்தில், எந்தக் கட்டில் பார்த்தோம் என்று எழுதாவிட்டால் அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். தேடுவது எளிது. அட்சரேகை 9.84 முதல் 9.86 வரை, தீர்க்கரேகை 78.47 முதல் 78.49 வரை என்று வடிகட்டினால், சிவகங்கை நகரையொட்டி இரண்டேகால் கிலோமீட்டருக்கு இரண்டேகால் கிலோமீட்டர் சதுரத்தில் உள்ள எல்லாத் தாள்களும் வந்து நிற்கும். மதுரை மாவட்டம் என்று எழுதியதும் வரும், இராமநாதபுரம் என்று எழுதியதும் வரும். வாய்க்கால் போல் நீண்டுகிடப்பதற்கு ஒரு புள்ளி போதாது; தொடக்கம், முடிவு என இரண்டு புள்ளிகளாவது எழுதுங்கள்.

ஆய்வகத்தில் இணைய வசதி இருந்தால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடப் பக்கத்தை மாணவர்களுக்குக் காட்டலாம். பழைய அளவைப் படங்களை இன்றைய படத்தின்மேல் விரித்து, ஒரு பித்தானை இழுத்தால் பழையது மங்கிப் புதியது தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போதும். பிறகு நம் ஊருக்கு வந்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் மழைக்காலத்தில் மைதானத்தின் தென்மேற்கு மூலையில் தண்ணீர் தேங்கும். பள்ளம் என்று மண் அடித்தார்கள். மறு ஆண்டும் தேங்கியது. பழைய கிராம வரைபடத்தைப் பொருத்தியபோது அந்த மூலையை உரசிக்கொண்டு ஒரு வரத்துக்கால் கண்மாயை நோக்கிப் போனது தெரிந்தது. இன்று அது தார்ச்சாலை. சாலையோரக் கடையில் இருந்த முதியவரிடம் ஒரு மாணவி கேட்டாள். “தாத்தா, இந்த ரோட்டுக்குப் பேரு என்ன?” அவர், “வாய்க்கா ரோடு தாயி, வேறென்ன?” என்றார். பெயர் எல்லோர் வாயிலும் இருந்திருக்கிறது. படத்தைப் பார்த்த பிறகே அது எங்கள் காதில் விழுந்தது. படத்தின் நகலையும் மாணவர்களின் அளவுகளையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். சாலைக்கு அடியில் குழாய்ப்பாலம் வேண்டும் என்று ஊராட்சிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.

இந்தச் செயல்பாட்டில் சில எல்லைகளை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நாம் பொருத்தும் படம் பாடத்துக்கானது. சில மீட்டர் பிசகு எப்போதும் இருக்கும். வேலித் தகராறுக்கு அது சான்றாகாது. அதற்கு நில அளவர் இருக்கிறார். ‘இவர் வீடு வாய்க்காலில் இருக்கிறது’ என்று மாணவர் சொல்லும் நிலை வரவே கூடாது. அந்த வீடு வகுப்புத் தோழனுடையதாகவும் இருக்கலாம். பட்டாதாரர் பெயர்களைப் பட்டியலில் எழுத வேண்டாம். நமக்குத் தேவை கண்மாயும் காலும்தான். அலுவலகங்களில் ஆவணம் கேட்கும்போது தலைமையாசிரியரின் கடிதத்தோடு போங்கள், மூலத்தாளைத் தொடாமல் படம் மட்டும் எடுக்க அனுமதி கேளுங்கள். புலப்படமும் அ-பதிவேடும் வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையிலேயே கிடைக்கும்.

வரத்துக்காலில் நடந்து பார்க்க ஆடி மாதமே நல்ல காலம். புரட்டாசி தாண்டினால் சேறும் புதரும் கூடிவிடும், அளவெடுக்க முடியாது. மதகு, கலிங்கு பக்கம் போகும்போது மாணவர்களோடு இரண்டு பெரியவர்களாவது வர வேண்டும். கண்மாயில் தண்ணீர் இருந்தால் கரையோடு நின்றுவிடுங்கள்.