வெண்கரடி வெண்மையானதா?

உலகின் வடகோடியிலே உறைந்து கிடக்கும் ஆர்க்டிக் கடற்பரப்பில் வாழ்வது பனிக்கரடி. நிலத்தில் வாழும் ஊனுண்ணும் விலங்குகளுள் இதுவே மிகப் பெரியது. பனிக்கட்டியின்மீது அசையாது காத்திருந்து, மூச்சுவிட மேலெழும் கடல்நாயை இது பற்றி உண்ணும். இதனை வெண்கரடி என்றும் வழங்குவர். இதன் நிறம் யாதென வினவினால், வெண்மை என்றே நாம் அனைவரும் விடையளிப்போம். அவ்விடை சரிதானா?

பனிக்கரடியின் புறமயிர் ஒன்றை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்குக. அதில் வெண்ணிறச் சாயம் சிறிதும் இராது. அது கண்ணாடி போல நிறமற்றது; நடுவே குழல்போல் உள்ளீடற்றது. உரோமத்தின் அடியிலுள்ள தோலோ கருநிறமுடையது. மூக்கின் நுனியில் அக்கருமையை நாம் காணலாம்.

அங்ஙனமாயின் வெண்மை எங்கிருந்து வந்தது? தெளிந்த கற்கண்டைப் பொடித்தால் வெண்பொடியாகத் தோன்றுகிறதன்றோ? பொடியின் எண்ணற்ற பரப்புகளில் பட்டு, ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதே காரணம். கரடியின் உரோமத்திலும் ஒளி அவ்வாறே சிதறுகிறது. மாலை வெயிலில் அது பொன்னிறமாகவும் தோன்றும்.

அமெரிக்க நாட்டுச் சான் டியாகோ நகர விலங்குக் காட்சிச்சாலையில் பனிக்கரடிகள் சில பச்சை நிறம் பெற்றன. மயிரின் உட்குழலில் பாசி வளர்ந்ததே அதற்குக் காரணம் என 1979ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். மயிர் நிறமற்றதாதலின், உள்ளே வளர்ந்த பாசியின் பசுமை வெளியே தெரிந்தது.

இம்மயிரைப் பற்றி வியப்பான செய்தியொன்றும் பரவியது. கதிரவனின் புறஊதாக் கதிர்களை மயிர்க்குழல்கள் கருந்தோலுக்குக் கொண்டுசென்று கரடிக்கு வெப்பம் ஊட்டுகின்றன என்பதே அது. நூல்கள் பலவும் அதனை உண்மையென எழுதின. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலறிஞர் டேனியல் கூன் என்பார், மயிரினூடே ஒளியைச் செலுத்தி அளந்து பார்த்தார். ஓர் அங்குலம் கடப்பதற்குள்ளேயே அக்கதிர்கள் ஏறத்தாழ முற்றும் மறைந்துவிட்டன. அழகிய அக்கருத்து ஓர் அளவையின்முன் நிற்கவில்லை. கரடியைக் குளிரினின்றும் காப்பவை அடர்ந்த உரோமமும், தோலின்கீழ் அமைந்த தடித்த கொழுப்புமேயாம்.

கண்ணாற் கண்ட வெண்மை மெய்யன்று. காதாற் கேட்ட வியப்பும் மெய்யன்று. தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழிக்குப் பனிக்கரடி ஒன்றே போதிய சான்றாம். ஆதலின் மாணவர்களே, அச்சிட்ட நூலில் கண்டதாயினும், ஆராய்ந்து தெளிந்த பின்னரே ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.