பாக்டீரியாவின் சிக்கனமும் கிணற்று நீர்ச் சோதனையும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் அமைந்துள்ளது கொல்லங்கோடு. மாநிலத்தின் பிற ஊர்களைப் போன்று இங்கும் திறந்த கிணறுகள் குடிநீருக்குப் பயன்படுகின்றன. மழைக்காலத்தில் கழிவறைக் குழிகளின் கசிவு கிணற்றிற் கலக்கக்கூடும். நீர் தெளிவாகத் தோன்றினும் இக்கலப்பைக் கண்ணால் அறிய இயலாது. அதனைக் காட்டிக்கொடுக்கும் ஆய்வகச் சோதனை, பாக்டீரியா தன் மரபணுக்களை ஆளும் முறையைப் பயன்கொள்கிறது.

இரு சர்க்கரைகள்

மனிதக் குடலில் வாழும் எஷ்ரிக்கியா கோலி என்னும் பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ் எளிய உணவு. பாற்சர்க்கரையாகிய லாக்டோசையோ முதலில் பிளந்தாக வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தால் அது குளுக்கோசை முதலில் உண்டு, சிறிது நேரம் வளர்ச்சி நின்று, பின்னரே லாக்டோசில் வளர்வதை ழாக் மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1941இல் கண்டார்.

பூட்டும் திறவுகோலும்

இதன் காரணத்தை மோனோவும் பிரான்சுவா ழாக்கோபும் 1961இல் விளக்கினர். 1965இல் ஆந்த்ரே லுவோஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். லாக்டோசை உள்ளே கொணரும் புரதத்திற்கும் அதனைப் பிளக்கும் நொதிக்கும் உரிய மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தொகுதியே 'லாக் ஓபரான்'. லாக்டோஸ் இல்லாதபோது அடக்கிப் புரதம் ஒன்று இதன் தொடக்கத்தில் அமர்ந்து இயக்கத்தைத் தடுக்கிறது. லாக்டோஸ் வந்ததும் அதன் ஒரு சிறு பகுதி அல்லோலாக்டோசாக மாறி அப்புரதத்துடன் இணைய, தடை நீங்குகிறது. நொதியின் உற்பத்தி சுமார் ஆயிரம் மடங்கு பெருகுகிறது. குளுக்கோஸ் உள்ளவரை லாக்டோசின் நுழைவே தடைப்படுகிறது. தேவையற்ற நொதியைச் செய்து ஆற்றலை வீணாக்காமை இவ்வமைப்பின் பயனாகும்.

சோதனைக் குழாயில்

நீர்ச் சோதனைக்குரிய மெக்கான்கி ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்க்கப்படுவதில்லை, லாக்டோசே சர்க்கரை. பித்த உப்புகள் வேறு பல பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன. சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்கும்போது, கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் லாக்டோசைப் புளிக்கச் செய்கின்றன. அமிலத்தால் ஊதா நிறக் கரைசல் மஞ்சளாகிறது. தலைகீழாகக் கவிழ்த்த சிறு குழாயில் வாயு சேர்கிறது.

டைஃபாய்டு கிருமி பொதுவாக லாக்டோசைப் புளிக்கச் செய்வதில்லை. ஆகவே இச்சோதனை அதனை நேரடியாகக் காட்டாது. மலக்கலப்பின் அடையாளத்தைக் காண்பதே இதன் நோக்கம். கோலிஃபார்ம்களுட் சில மண்ணிலும் வாழ்வதால், சுமார் 44 டிகிரி வெப்பத்தில் மேற்சோதனை செய்து எ. கோலியை உறுதிசெய்கின்றனர்.

அலுவலரின் கடமை

குடிநீரின் எந்த 100 மில்லிலிட்டரிலும் எ. கோலி காணப்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அது காணப்பட்டால், குளோரின் இடுவது உடனடித் தேவை. ஆனால் கசிவு தொடர்ந்தால் கிணறு மீண்டும் மாசுறும். கைப்பிடிச் சுவர், சிமென்ட் மேடை, கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் ஆகியவையே நிலையான காப்பு. மேலும், எ. கோலி இல்லையென்ற ஒரே முடிவு வைரசுகளும் இல்லையென்பதற்குச் சான்றாகாது. மழைக்குப் பின் மறுசோதனை செய்வதும் இதனாலேயே இன்றியமையாததாகிறது.