உப்புத் தண்ணியில் ஓடும் இன்ஜின்

(இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன், கருமத்தம்பட்டி)



சோமனூர் ரோட்டில் விடிய விடிய தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படிப்பட்டவனுக்குக் கடலில் ஓடும் வேகப் படகு பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கப்பாவும் அதையேதான் கேட்டார். "கடலே இல்லாத ஊருல பொறந்துட்டு படகு வேலை கத்துக்கிட்டு என்ன பண்ணுவே கண்ணு?"

என் பெரியம்மா மகன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு அவுட்போர்டு இன்ஜின் ரிப்பேர் ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கிறார். போன செமஸ்டர் லீவில் பன்னிரண்டு நாள் அவரோடு தங்கினேன். அங்கே பார்த்ததையும், வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டதையும், நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படகின் அடிப்பாகம். சாதாரணப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். வேகப் படகு ஒரு அளவுக்கு மேல் தண்ணீரின் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போகும். இதைப் பிளேனிங் என்பார்கள். ஏறும்வரை இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ஏறிவிட்டால் சுமை இறங்கிவிடும். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் சுலபமாக ஏறும், ஆனால் அலையில் 'டமார் டமார்' என்று அடித்து முதுகெலும்பை உடைக்கும். இதற்கு வழி கண்டவர் ரே ஹன்ட் என்ற அமெரிக்கர். அடிப்பாகத்தை முன்னிருந்து பின்வரை ஆழமான 'வி' வடிவத்தில் அமைத்தார். டிக் பெர்ட்ராம் என்பவர் அந்த அமைப்பில் கட்டிய 'மோப்பி' படகு, 1960-ல் மியாமியிலிருந்து நாசாவுக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளிக்கும் கடலில் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து ஜெயித்தது. இன்று கடலில் ஓடும் வேகப் படகுகளில் பெரும்பாலானவை அந்த 'வி'யின் வாரிசுகள்தான்.

நம் நாட்டிலும் இந்தப் பந்தயம் நடந்திருக்கிறது. 2017 மார்ச்சில் மும்பை மெரைன் டிரைவ் ஓரம் பி1 பவர்போட் பந்தயம். 2018 நவம்பரில் ஆந்திராவின் அமராவதியில் கிருஷ்ணா நதியில் எஃப்1எச்2ஓ பந்தயம். அது ஆற்றுப் பந்தயம், படகும் வேறு ஜாதி. பார்ப்பதற்கு ஜோர்தான். ஆனால் பந்தயம் ரெண்டு மூணு நாளில் முடிந்துவிடும். படகு வருஷம் முழுக்க இருக்கும். என் விஷயம் அந்த மிச்ச நாட்களைப் பற்றியது.

புரொப்பெல்லரை நம் ஆட்கள் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. லேத்தில் திருகு வெட்டியவனுக்கு அது பாதி தெரிந்த விஷயம். 21 அங்குல பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 21 அங்குலம் முன்னே போக வேண்டும். இன்ஜின் 5,800 ஆர்பிஎம், கியர் விகிதம் 1.75 என்று வையுங்கள். புரொப்பெல்லர் சுமார் 3,314 சுற்று சுற்றும். 21-ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 69,600 அங்குலம், அதாவது 5,800 அடி. மணிக்கு சுமார் 106 கிலோமீட்டர். ஆனால் தண்ணீர் என்ன இரும்பு நட்டா? வழுக்கும். பத்து சதவீதம் வழுக்கல் போனால் 95 கிலோமீட்டர். கடற்கணக்கில் 51 நாட் சொச்சம். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) வேகம் வேண்டும் என்று பிட்ச் அதிகமான புரொப்பெல்லரை மாட்டினால், மருதமலை ஏத்தத்தில் டாப் கியரில் வண்டி ஓட்டின கதைதான். இன்ஜின் அதற்குரிய ஆர்பிஎம்மைத் தொடாமல் திணறித் திணறியே கெட்டுப்போகும்.

அதே புரொப்பெல்லரின் முகத்தில் சில சமயம் அம்மை வடு மாதிரி குழிகள் இருக்கும். கோயமுத்தூர் பம்ப் கம்பெனியில் வேலைக்குப் போன சீனியரைக் கேளுங்கள், பார்க்காமலே 'கேவிட்டேஷன்' என்று சொல்லுவார். அழுத்தம் குறைகிற இடத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துக் குமிழியாகி, அந்தக் குமிழி உடையும்போது உலோகத்தைக் கொத்தித் தின்னும். பம்பு இம்பெல்லருக்கு வருகிற அதே நோய்.

பம்பு என்றதும் இன்னொன்று. புரொப்பெல்லரே இல்லாமல், அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் வாட்டர்ஜெட் படகுகள் உண்டு. ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காக 1950-களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பில் ஹாமில்டன், நியூசிலாந்துக்காரர். பண்ணையும் வைத்துக்கொண்டு பட்டறையும் வைத்திருந்த மனுஷர். நம்ம ஊரில் அப்படி எத்தனை பேர்! நமது கடலோரக் காவல்படைக்கு எல் அண்ட் டி நிறுவனம் கட்டிக் கொடுத்த 54 இன்டர்செப்டர் படகுகள் ரெட்டை வாட்டர்ஜெட்டில் 45 நாட் வரை போகக்கூடியவை. உள்ளே இருப்பது என்ன? இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட், சீல். எங்கப்பா கேட்ட கேள்விக்கு இது பாதி பதில்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினைக் குளிர வைத்து, வெளியே விட்டுவிடும். உறிஞ்சுவது அடியில் இருக்கும் ஒரு சின்ன பம்பு. அதன் இம்பெல்லர் ரப்பர், உள்ளங்கையில் அடங்கிவிடும். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக, இன்ஜினின் பின்பக்கம் ஒரு துவாரத்திலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும். ஓட்டுபவன் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியது அதைத்தான். கரையில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதானால் தண்ணீர் டிரம்மில் அடிப்பாகத்தை இறக்க வேண்டும், அல்லது ஓஸ் பூட்ட வேண்டும்.

மூணாம் நாள். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு மீனவருடைய 9.9 எச்பி இன்ஜின் ஸ்டாண்டில் இருந்தது. கார்புரேட்டர் வேலை முடிந்திருந்தது. மறுநாள் விடிகாலை கடலுக்குப் போக வேண்டிய இன்ஜின். 'ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்பமே' என்று கயிற்றை இழுத்தேன். ரெண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சத்தம் அருமையாக இருந்தது. நின்று ரசித்தேன். டிரம்முமில்லை, ஓஸுமில்லை. அண்ணன் தூரத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அரை நிமிஷத்துக்குச் சற்று மேல் இருக்கும். தண்ணீர் இல்லாமல் சுற்றின ரப்பர் கருகி, ஒரு இதழ் பிய்ந்து, குழாய்க்குள்ளே போய் அடைத்துக்கொண்டது.

இம்பெல்லர் விலை பெரிதில்லை. ஆனால் அந்த சைஸ் ஷெட்டில் இல்லை. மறுநாள் மதியம்தான் வந்தது. மீனவர் வந்து பார்த்தார். வயசு அறுபதுக்கு மேல். திட்டுவார் என்று நின்றேன். "ரப்பரு போனா வாங்கிக்கலாம் தம்பி. நாளைக்குத் தொழிலுக்குப் போக முடியாதே, அதுக்கு என்ன பண்ண?" என்றார். அவ்வளவுதான். அவரை நம்பி படகில் இன்னும் ரெண்டு பேர் உண்டு என்று அண்ணன் பிறகு சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் தறி நின்றால் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மீனவரின் இன்ஜின் பல வருஷம் பழசு. தினமும் ஓடுகிறது. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஓட்டி உள்ளிருக்கும் உப்பைக் கழுவுகிறார். இல்லாவிட்டால் காய்ந்த உப்பு, குழாய்களில் கல் மாதிரி படிந்து அடைத்துவிடும். ஒரு நாள் விடுவதில்லை. குடிக்கிற தண்ணீருக்கே சிரமமான தெருவில் இதற்கென்று ஒரு டிரம் தனியாக நிரப்பி வைக்கிறார்.

அதே ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் மூடி இன்னொரு படகு. ரெட்டை இன்ஜின், ஆழமான 'வி' அடி, பளபளவென்று பெயின்ட். ஒருத்தர் ஆசைக்கு வாங்கிய படகு. எட்டு மாதமாக ஓடவில்லை. மணி மீட்டர் 61 மணி நேரம்தான் காட்டியது (படகுக்கு கிலோமீட்டர் கணக்கில்லை, ஓடிய மணிக்கணக்குத்தான்). கிட்டத்தட்ட புதுசு என்று நினைத்தேன். அண்ணன் கியர் ஆயில் போல்ட்டைத் திறந்தார். டீ மாதிரி ஒழுகியது. ஆயில் வெள்ளையாகவோ பால் கலந்த மாதிரியோ வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்படியே நின்றதால் பேரிங் துருப்பிடித்திருந்தது.

அதன் துத்தநாகக் கட்டிகளையும் காட்டினார். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் பேட்டரி மாதிரி மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். அதைக் காப்பாற்ற, அதைவிடச் சீக்கிரம் கரையக்கூடிய துத்தநாகத் துண்டைப் பூட்டுகிறார்கள். இன்ஜினுக்குப் பதிலாக அரிமானத்துக்குக் கொடுக்கும் பலிகடா. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். இந்தப் படகில் கடா முழுசாகத் தீர்ந்து, இன்ஜின் காலையே தின்ன ஆரம்பித்திருந்தது. கடா மேல் யாரோ அழகுக்குப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்தால் அது வேலையே செய்யாது.

பெட்ரோலும் கெட்டிருந்தது. இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகள் 10 சதவீதம் வரைக்கும்தான் ஒத்துக்கொள்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் பாதி நிரம்பிய டேங்கை மாதக்கணக்கில் வைத்தால், ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். அதைவிட நல்லது பெட்ரோலைத் தேங்க விடாமல் ஓட்டுவது.

2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலித் தறிகள் நிறுத்தத்தில் இருந்தபோது, ஓனர் சொல்லாமலேயே எங்கப்பா ரெண்டு நாளுக்கு ஒருதரம் போய்த் தறியைக் கையால் சுற்றிவிட்டு எண்ணெய் போட்டு வருவார். கூலி கிடையாது. எதற்கு என்று அப்போது நான் கேட்டதுண்டு. தார்ப்பாய் படகைப் பார்த்த அன்று அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "ஓடாத மெசினுக்குத்தான் சீக்கு ஜாஸ்தி சாமி" என்றார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், யாராவது வாங்க ஆசைப்பட்டால் உதவும். 250 எச்பி பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 80 முதல் 95 லிட்டர் குடிக்கும். ரெண்டு இன்ஜின் என்றால் லிட்டர் நூறு ரூபாய் வீதம் மணிக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். எங்கப்பாவின் ஒரு மாதக் கூலி, ஒரு மணி நேரத்தில் புகையாகிவிடும். நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ, அப்போது சர்வீஸ். பழைய படகு வாங்கினால் இன்ஜின் கம்ப்ரஷனைப் பாருங்கள். இன்ஜின் தொங்குகிற பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் உள்ளே மரம் ஊறிவிட்டது.

அரசாங்கமே வாங்கினாலும் கணக்கு இதுதான். 2005-ல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் கரையோர மாநிலங்களின் போலீசுக்கு 204 படகுகள் கொடுக்கப்பட்டன. படகு, ஸ்டேஷன், வண்டி எல்லாவற்றுக்கும் முதலில் ஒதுக்கியது 400 கோடி. ஐந்து வருஷ எரிபொருள், ரிப்பேர், பயிற்சிக்கென்று தனியாக 151 கோடி. வாங்கும்போதே ஓட்டுகிற செலவையும் எழுதி வைத்த கணக்கு அது. தார்ப்பாய் படகுக்காரர் அந்த இரண்டாவது வரியை எழுதவேயில்லை.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று. ஓட்டுபவன் மணிக்கட்டில் ஒரு சுருள் கயிறு மாட்டியிருப்பான். அவன் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கி இன்ஜின் நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இது 2021 ஏப்ரலிலிருந்து சட்டம். கில்லாடிகளுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஃபார்முலா ஒன் கார்களில் ஜெயித்த டிடியே பிரோனி, 1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவு அருகே படகுப் பந்தயத்தில், ஒரு எண்ணெய்க் கப்பல் கிளப்பிய அலையில் படகு கவிழ்ந்து இறந்தார். கூட வந்த இருவரும் பிழைக்கவில்லை.

மறுநாள் மதியம் இம்பெல்லர் வந்ததும் அண்ணன் ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டார். அடிப்பாகத்தைக் கழற்றி, பிய்ந்த இதழைக் குழாயிலிருந்து தேடி எடுத்து, புது ரப்பரை சுழலும் திசைக்கு மடக்கிப் பூட்ட எனக்கு மூணு மணி நேரம் ஆயிற்று. அண்ணனுக்கு நாற்பது நிமிஷ வேலை. டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தோம். பின்னால் தாரை பீய்ச்சியது. மீனவர் அதில் விரலை நீட்டி, சூடு இல்லை என்று பார்த்துக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

தார்ப்பாய் படகின் சொந்தக்காரர் கடைசியில் சம்மதித்துவிட்டாராம். மே மாத லீவில் ரெண்டு இன்ஜினையும் முழுசாகக் கழற்றப் போகிறோம். அண்ணன், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்கிறார். தங்க இடமும் மதியச் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. வருவதாக இருந்தால் 'சி' செக்ஷனில் வந்து என்னைக் கேளுங்கள்.